முதலாளி வீட்டுக் கரண்டும் தோணிமேட்டுக் கரண்டும்

கரண்ட் கம்பியில் ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். லைன்மேன் வேலைக்கு வந்த பிறகுதான் அது ஆள் பார்த்து ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

பொன்னேரிக்கு வடக்கே, டிரங்க் ரோடுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் ஒரு சின்னக் கரண்ட் ஆபீஸ். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் யாராவது ஃபியூஸ் போடக் கூப்பிடுவார்கள். அறுபதுகளின் நடுவில் அங்கே சேர்ந்தேன். ஆபீசின் மொத்தச் சொத்து ஓர் ஏணி, ஒரு சைக்கிள், ஒரு ஜோடி ரப்பர் கையுறை. கையுறை இரண்டும் இடது கைக்கு. என்னோடு வேலை பார்த்தவன் கபாலி. எங்களுக்கு மேலே இன்ஜினியர் சபேசன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷர். யார் உரக்கப் பேசினாலும் நியாயம் அவர்கள் பக்கம்தான் என்று நம்பிவிடுவார்.

நீங்களெல்லாம் அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று அவதிப்பட்டவர்கள். நான் உள்ளே நின்று அவதிப்பட்டவன். ஆகவே நாம் ஒரே கட்சி. தைரியமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

வளைந்த நேர்கோடு

ஏரிக்கரையில் தோணிமேடு என்று ஒரு மீனவர் குப்பம். அங்கே கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். ஒரு மைல் உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பில்தான் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று மணலில் நடந்துகொண்டே இருப்பார்கள். தோப்பில் மோட்டார் வைத்துக் குப்பத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதென்று முடிவானது. குழாய் வந்துவிட்டது, தொட்டி வந்துவிட்டது. கரண்ட் மட்டும்தான் பாக்கி. அதைக் கொண்டுபோகும் வேலை எங்களுடையது.

இன்ஜினியர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டார். நாங்களும் அதன்படி முளைக்குச்சி அடித்துவிட்டு வந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் குச்சிகள் நடந்து போயிருந்தன. முதல் வளைவு அரிசி மில் கோதண்டம் முதலாளியின் கிணற்றுக்கு. அடுத்த வளைவு அவர் தென்னந்தோப்புக்கு. அதற்கடுத்தது அவர் மச்சான் நிலத்துக்கு. மச்சானுக்கு ஒரு சம்பந்தி இருந்தார், அவருக்கும் ஒரு கிணறு இருந்தது. லைன் எல்லாருடைய வீட்டிலும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஞாபகம் வந்து தோணிமேட்டுக்குப் போனது. கம்பம் நட்டு முடித்ததும் நான் இன்ஜினியரிடம் போய், "சார், நீங்க போட்டது நேர்கோடாச்சே" என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கம்பம் நேரா நிக்கணும்னுதான்யா சட்டம். நேரா போகணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

லாந்தர் உபயம்

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. தோரணம், நாதஸ்வரம், ஹனீபா பாய் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக கோலி சோடா. பழவேற்காட்டுக்காரரான பாய் எங்கள் லைனின் நடுவே, ரோட்டோரத்தில் சோடா கம்பெனி வைத்திருந்தார். முதலாளி சுவிட்சைப் போட்டார். கைதட்டினார்கள். கைதட்டி முடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. வழியெல்லாம் பம்ப்செட்டுகள் உறிஞ்சியது போக, வால்நுனிக்கு வந்து சேர்ந்த கரண்ட் பல்புக்குள் பீடி நுனி போலச் சிவந்து நின்றது. தோப்பில் மோட்டார் 'ம்ம்ம்' என்று யோசித்தது. சுற்றவில்லை.

மீன் கூடைக்காரி அஞ்சலை முன்னால் வந்தாள். தினமும் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கூடை தூக்குகிறவள். குப்பத்தில் அவள் வாய்க்கு ஊர்த் தலைவரான நாட்டாரே பயப்படுவார். கம்பத்தைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள், தோளில் சுருட்டிய வயரோடு நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு லாந்தரை ஏற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். கூட்டம் மொத்தமும் கேட்கும்படியாகச் சொன்னாள்: "இத்த கொஞ்சம் தூக்கிப் புடி நைனா, உன் பல்பு எரியுதா இல்லியான்னு பாக்கலாம்!"

பூனைக்குப் போன காற்று

புகார் கொடுப்பதில் இரண்டு முறை உண்டு. தோணிமேட்டுக்காரர்கள் நடந்து வந்து, ஜன்னலில் நின்று, இன்ஜினியர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருந்து சொல்வார்கள். கோதண்டம் முதலாளி வில்வண்டி அனுப்புவார். வண்டி மாட்டின் சலங்கை கேட்டாலே இன்ஜினியர் எழுந்து நின்றுவிடுவார். வண்டியில் ஆள் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்க மாட்டார். ஒருமுறை வண்டி காலியாக அந்தப் பக்கம் போனபோதும் எழுந்து நின்றார்.

ஒருநாள் மத்தியானம் வண்டி வந்தது. சாப்பாட்டுக் கையோடு நானும் கபாலியும் ஓடினோம். முதலாளியின் மத்தியானத் தூக்கம் எங்கள் பக்கத்தில் ரொம்பப் பிரசித்தம். அந்த நேரத்தில் மில்லில் வேலை செய்கிறவர்கள் தும்மலைக்கூட வெளியே போய்த் தும்முவார்கள். மாடியில் கட்டிலில் கோபமாக உட்கார்ந்திருந்தார். மேலே ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் போகவில்லை, வயர் அறுந்துவிடவில்லை. வோல்ட்டேஜ் கம்மி, அவ்வளவுதான். இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் கட்டில் பக்கம் வராமல் ஜன்னலோரம் போயிற்று. அங்கே அவர் வீட்டுப் பூனை மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்காக மேலிடத்துக்குத் தந்தி பறந்தது. ஒரே மாதத்தில் பெரிய டிரான்ஸ்பார்மர் வந்தது, லைன் முழுக்கத் தடிமனான கம்பி ஏறியது. அவர் மாடியில் ஃபேன் சுழன்ற அதே நாளில் தோணிமேட்டு மோட்டாரும் சுற்றியது. தொட்டி நிரம்பிப் பிள்ளைகள் அதில் குதித்தன. அஞ்சலை எனக்கு ஒரு முழு வஞ்சிரம் கொடுத்தாள். நான் செய்ததென்ன? ஒன்றுமில்லை. குப்பத்துக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்த சொற்பொழிவு முதலாளியுடையது. அன்றைக்கு என்னைப் பார்த்து அவர் கத்தியதை அப்படியே தருகிறேன்: "கரண்டுக்கு டப்பு கட்றது நானு, காத்து வாங்கறது பூனை! இன்னா நைனா லைனு இழுத்து வெச்சிகீறீங்க?"

வக்கீல் விலகினார்

அதன் பிறகு கொஞ்ச காலம் பொற்காலம். முதலாளி வீட்டில் பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டினால் போதும், வால்வரை ஓடிப்போய் ஒவ்வொரு ஜாயிண்டாக முறுக்கிவிட்டு வருவோம். கம்பியில் காக்கை உட்காரவும் கூச்சப்பட்டது. கடலிலிருந்து மழையும் காற்றும் வந்து கம்பம் சாய்ந்தால் பொழுது சாய்வதற்குள் நிமிர்த்திவிடுவோம். எங்கள் ஆபீஸ் ஒழுங்கான ஆபீஸ் என்று எனக்கே ஒரு கர்வம் வந்துவிட்டது.

பிறகு முதலாளி மில்லைப் பெரிதாக்கினார். தனக்கென்று தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கொண்டார். மில், வீடு, தோப்பு, கிணறு எல்லாம் அதற்கு மாறின. எங்களுக்கு மிஞ்சியது அவருக்காகப் போட்ட வளைவுகள் மட்டும். இனிமேல் பாரம் குறைந்தது, தோணிமேட்டுக்குக் கரண்ட் பிய்த்துக்கொண்டு போகப்போகிறது என்று கணக்குப் போட்டேன். நடந்ததே வேறு. பொது லைனில் மரம் அறுக்கும் மரவாடி ஒன்று சேர்ந்தது. பிறகு நாலைந்து பம்ப்செட், பிறகு ஓர் எண்ணெய்ச் செக்கு. இதெல்லாம் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒருவர்தான் லைனை விட்டுப் போய்விட்டாரே! ஜாயிண்ட் கழன்றால் 'பார்க்கலாம்' என்றார் இன்ஜினியர். கம்பம் சாய்ந்தால் 'இன்னும் விழலையே' என்றார். டிரான்ஸ்பார்மரில் கொடி படர்ந்து பூப்பூத்தது. தோணிமேட்டு மோட்டார் மறுபடியும் 'ம்ம்ம்' என்றது. பெண்கள் மறுபடியும் குடத்தை எடுத்தார்கள். கட்டைவிரல் அளவு கம்பிகூட எங்களுக்கு மேலிடத்திலிருந்து வரவில்லை.

சோடா மிஷின் சுற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹனீபா பாய் சொன்னார்: "மொதலாளி நம்ம லைன்ல இருந்தவரைக்கும் நமக்கு ஒரு வக்கீல் இருந்தாரு தம்பி. அவரு தனியா போனாரு, நம்ம கேஸு தள்ளுபடி!"

தோற்ற வீட்டுச் சோறு

ஒருநாள் தோணிமேட்டுக்குப் போனபோது குப்பமே ஒரு மண்பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஏரியில் வலை போடும் இடங்களை அவர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது வழக்கம். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடக் கூடாது, எல்லாருக்கும் முறை வர வேண்டும். அதற்கு 'பாடு' என்று பெயர். இப்போது தண்ணீருக்கும் பாடு வைத்துவிட்டார்கள். பம்ப்செட்டுகள் ஓய்கிற நேரம் பார்த்து மோட்டார் கொஞ்சம் சுற்றும், தொட்டியில் கால்வாசி ஏறும். அன்றைக்கு அதை எந்த வரிசை வீடுகள் பிடிப்பது என்று பானைக்குள் இருக்கும் சிப்பி சொல்லும். நாட்டார் கையை விட்டார், தோற்றார். அவர் சம்சாரம் குடத்தை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்கு நடந்தாள். நான் வாயைப் பிளந்தேன். எங்கள் ஊரில் என்றால் நாட்டார் வீட்டுக்குத் தனிக் குழாய் போயிருக்கும்.

"இதுல ஏமாத்த மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அல்லார் ஊட்லயும் ஒரே குடம், ஒரே பல்பு. யாரு யார ஏமாத்தி இன்னா ஆவப்போவுது?" என்றார் நாட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதோடு பசியும் இருந்தது. "லைன்மேனுக்குச் சோறு யாரு ஊட்ல?" என்று ஒரு குரல் வந்தது. அதற்கும் பானையைக் குலுக்கினார்கள். சிப்பி அஞ்சலை கையில் வந்தது. உடனே குப்பமே எழுந்து குதித்துக் கும்மாளம் போட்டது. கிழவர்கள்கூட விசிலடித்தார்கள். என்னை விருந்தாளியாகப் பெறுவதில் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சலை என் தட்டில் சோற்றைக் கொட்டிக்கொண்டே தெளிவுபடுத்தினாள்: "ரொம்ப பூரிச்சிப் போவாத நைனா. சோறு ஜெயிச்ச ஊட்ல இல்ல, தோத்த ஊட்ல!"

மொட்டைத் தலை

எழுபதுகளில் பவர் கட் வந்தது. ஊரெல்லாம் தட்டுப்பாடு, தினமும் முறை வைத்துக் கரண்டை நிறுத்த வேண்டுமென்று மேலிடத்து உத்தரவு. கேட்ட மாத்திரத்தில் ஆபீஸ் வாசலில் ஓர் ஊர்வலம். அரிசி மில், ஊருக்கே சோறு என்றார் முதலாளியின் கணக்கப்பிள்ளை. செக்கு, ஊருக்கே எண்ணெய் என்றார் செக்குக்காரர். மரவாடிக்காரர் மட்டும் சற்று யோசித்து, மரம் அறுக்காவிட்டால் ஊரில் ஒருவனும் நிம்மதியாகச் சாகக்கூட முடியாது என்றார். டூரிங் சினிமாக் கொட்டகைக்காரர் ஊருக்கே சந்தோஷம் நான்தான் என்றார். மச்சானின் சம்பந்தி, தன் எருமை இருட்டில் பால் சுரக்காது என்று சத்தியம் பண்ணினார். எல்லாரும் உரக்கப் பேசினார்கள். ஆகவே எல்லாரிடமும் நியாயம் இருந்தது. இன்ஜினியர் எல்லாருக்கும் விலக்கு கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், வெட்டுவதற்கு மிச்சமிருந்தது தோணிமேடு ஒன்றுதான். இன்ஜினியர் அதையும் வெட்டச் சொன்னார். வெட்டினோம். மீட்டர் முள் அசையவில்லை. குப்பத்துப் பல்பில் யாருக்கும் வித்தியாசம் தெரியவும் இல்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் எட்டிப்பார்த்த அந்தக் கால்வாசித் தொட்டித் தண்ணீரும் நின்றுபோயிற்று. மேலிடத்திலிருந்து, "உங்கள் ஆபீசில் ஒரு யூனிட்கூடக் குறையவில்லை, இந்த வாரமும் குறையாவிட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்" என்று ஓலை வந்தது. ஏன் குறையவில்லை என்று இன்ஜினியர் எங்கள் மேல் எரிந்து விழுந்தார். பயமறியாத கபாலி சொன்னான்: "மொட்டத் தலையில முடி வெட்டச் சொன்னா எப்டி சார்? மயிரு இருக்கற தலைங்கள நீங்கதான் அனுப்பிட்டீங்களே!"

பானை சொல்லிச்சு

இன்ஜினியர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. முதலாளியை வெட்டினால் முதலாளி மாற்றிவிடுவார். வெட்டாவிட்டால் மேலிடம் மாற்றிவிடும். எந்தப் பக்கம் போனாலும் பெட்டியைக் கட்ட வேண்டும். அவர் வீட்டம்மாவுக்கு மாசம் எட்டு வேறு. அந்த நேரம் பார்த்து அஞ்சலை மீன் கூடையோடு ஜன்னலுக்கு வந்தாள். "சார், அல்லாருக்கும் என்னமோ விலக்கு குடுத்தியாமே, எங்களுக்கும் குடு" என்றாள். "உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். "தண்ணிக்கி!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடை குலுங்கி ஓர் இறால் இன்ஜினியர் மேசைமேல் விழுந்தது. அவர் இறாலைப் பார்த்துக்கொண்டே தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் என்னதான் செய்யறது? யாரை வெட்டறது, யாரை விடறது? நான் கடவுளா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்காதே! தோணிமேட்டில் இந்த மாதிரிச் சங்கடத்துக்கு ஒரு பானை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். எல்லா லைனும், பொது லைனின் ஒவ்வொரு கிளையும் வந்து ஆளுக்கொரு சிப்பி எடுக்கட்டும், வருகிற முறைப்படி வெட்டுவோம் என்றேன். சர்க்கார் ஆபீசில் குலுக்கலா என்று இன்ஜினியர் சீறப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. நியாயம் என்கிற எண்ணமெல்லாம் அவருக்கு வரவில்லை, அது எனக்குத் தெரியும். அவருக்கு வந்தது வேறு எண்ணம். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அப்போ யார் வந்து கத்தினாலும், 'நான் இல்லீங்க, பானை'ன்னு சொல்லிடலாம், இல்லையா?"

மறுகுலுக்கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் முற்றத்தில் கூடினோம். பானை தோணிமேட்டுப் பானை, மீன் வாசனையோடு வந்தது. சிப்பியின் உள்ளே வெள்ளையாக இருந்தால் காலையில் கட், சிவப்பு தடவியிருந்தால் சாயங்காலம், கறுப்பு என்றால் நட்ட நடு மத்தியானம். கோதண்டம் முதலாளி வர மாட்டார் என்று நினைத்தோம், வந்தார். காரணம் அவர் கை. ராசியான கை என்று சுற்றுவட்டாரத்தில் முதல் விதை போடக்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். "என் கைல எங்கடா கறுப்பு வரும்? நானே எடுக்கறேன், பாரு" என்று ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

எடுத்தார். கறுப்பு. மத்தியானத் தூக்கம் போச்சு. "இன்னொரு தபா" என்றார். நாட்டார் எழுந்து, மறுகுலுக்கல் தாராளமாக உண்டு, ஆனால் கேட்கிறவர் கூடியிருக்கிற அத்தனை பேருக்கும் சாப்பாடு போட வேண்டும், அது 'பாடு' வழக்கம் என்றார். முதலாளி சிரித்தார். சோறு போடுவதா அவருக்குப் பெரிய காரியம்? அண்டா ஏறியது. வாசனைக்கு டிரங்க் ரோட்டில் எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த லாரிகள் நின்றுவிட்டன. டிரைவர்களும் கிளீனர்களும், 'நாங்களும் கூடியிருக்கிறவங்கதான்' என்று வரிசையில் உட்கார்ந்தார்கள். மரவாடிக்காரரும் அஞ்சலையும் ஒரே பந்தி. எல்லாரும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, கை துடைத்தபின் முதலாளி கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டுப் பானைக்குள் கையை விட்டார்.

மறுபடியும் கறுப்பு! யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஜினியர்தான். பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லாரிக்காரர்கள் சிரித்தார்கள், முதலாளியின் கணக்கப்பிள்ளை தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். முதலாளி கையிலிருந்த சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கையால் எடுத்தது, யாரைத் திட்டுவது? நாட்டாரைப் பார்த்து ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "இன்னொரு தபா கேட்டா, சாயங்கால நாஷ்டாவும் நான்தான் போடணுமா நைனா?"

வெளிச்சத்தில் தெரிந்தது

பம்ப்செட்டும் மரவாடியும் செக்கும் முறை வைத்து வாயை மூடியதும், வால்நுனிக்குக் கரண்ட் வந்துவிட்டது. தோணிமேட்டு மோட்டார் அலறிக்கொண்டு சுற்றியது. தொட்டி வழிந்து தெருவில் ஓடியது. மேலிடத்திலிருந்து இன்ஜினியருக்குப் பாராட்டு. அவர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது, மாற்றலும் இல்லை. யாராவது கத்த வந்தால், 'பானை சொல்லிச்சு' என்று கையை விரித்துவிடுவார். இரண்டே வாரத்தில் மனுஷர் நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டார்.

குப்பத்தில் பல்புகள் பல வருஷம் கழித்து மறுபடியும் முழுசாக எரிந்தன. பெண்கள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாத அதிசயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பல்புக்குக் கீழே நின்றிருந்த தன் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். என்னிடம் முறையிட்டாள்: "பேஜாரா போச்சு நைனா! இந்த ஆளுக்கு இம்மாம் நரை கீதுன்னு எனுக்குத் தெரியவே தெரியாது!"

மாட்டுக்கொட்டகை

கோதண்டம் முதலாளி ஒரு வாரம் மத்தியானத்தில் விசிறியோடு புழுங்கினார். பிறகு அவர் மூளை வேலை செய்தது. தன்னுடைய தனி லைனுக்குத்தானே மத்தியானக் கட்? அந்த நேரத்தில் பொது லைன் உயிரோடு இருக்கிறதே! அந்த லைன் அவர் தோப்பில் வளைகிற இடத்துக்கு நேர் கீழே அவருடைய மாட்டுக்கொட்டகை. அதற்கு மட்டும் பொது லைனில் ஒரு கனெக்‌ஷன் கேட்டார். சட்டப்படி தடையில்லை, கொடுத்தோம். கட்டில் கொட்டகைக்கு இறங்கியது, ஃபேன் கூரைக்கு ஏறியது. அடுத்த வாரமே வில்வண்டி ஆபீஸ் வாசலில் நின்றது. கொட்டகை ஃபேனில் வேகம் போதவில்லையாம். இன்ஜினியர் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். நாங்கள் டிரான்ஸ்பார்மர் கொடியைப் பிடுங்கினோம், ஜாயிண்ட்டை முறுக்கினோம், கம்பத்தை நிமிர்த்தினோம். மேலிடத்திலிருந்து அத்தனை வருஷம் வராத கம்பி வந்தது. பொது லைனுக்கு மறுபடியும் வக்கீல் கிடைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் பவர் கட்டை எடுத்துவிட்டார்கள். ஊரே கொண்டாடியது. பானை குப்பத்துக்குத் திரும்பிப் போனது. அஞ்சலைக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி மாடிக்கு ஏறிவிட்டால் லைன் மறுபடியும் நாதியில்லாமல் போகும், தண்ணீர் நிற்கும், குடம் இடுப்புக்கு ஏறும். "வா, போய்ப் பாத்துடலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். உச்சி வெயிலில் வேலி ஓரமாகப் பதுங்கி, கொட்டகைத் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தோம்.

இரண்டு கறவை மாடுகளுக்கு நடுவே கட்டில். மேலே ஃபேன் பிய்த்துக்கொண்டு சுழல, முதலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாடியில் தூக்கம் பிடிக்கவில்லையாம். கொட்டகையின் குளிர்ச்சி அங்கே வரவில்லை என்று திரும்பி வந்துவிட்டார் என, வேலியருகே நின்ற வில்வண்டிக்காரர் கிசுகிசுத்தார். அஞ்சலை அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். முதலாளியையா, மாட்டையா என்று எனக்கு விளங்கவில்லை. வரும் வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொட்டியிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்கும் இடத்துக்கு வந்ததும் நின்று சொன்னாள்: "ஆடி மாசம் அம்மனுக்கு ஊத்தற கூழுல, அந்த மாட்டுக் கொட்டாய்க்கும் ஒரு சொம்பு ஊத்திடணும் நைனா!"

முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கியதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஓர் ஆபீஸ் எல்லாருக்கும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் சட்டமும் திட்டமும் அப்புறம் இருக்கட்டும், முதலில் ஊரிலேயே பெரிய பணக்காரரின் மத்தியானத் தூக்கத்தைக் கடைசி வீட்டுக்குப் போகிற அதே கம்பியில் கட்டிப் போடுங்கள்.